மிதித்தால் நிற்கும் சத்தம்

எங்கள் சின்னம்மாவுக்குக் கார் வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று முப்பது வருடங்களுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. சொத்து என்று பார்த்தால் ஒரு தகரப் பேணி நிறையப் புளியங்கொட்டையும் காது குத்திய அன்று போட்ட ஒரு சோடித் தோடும்தான். ஆனாலும் நான் சொன்னதில் பொய் கிடையாது. அந்தக் காரின் வழக்கில் கடைசிச் சாட்சி நான். என் வாக்குமூலத்துக்குப் பிறகுதான் தீர்ப்பு வந்தது.

எங்கள் ஊர் படுவான்கரையில், வாவிக்கு மேற்குப் பக்கம். பட்டணமும் பெரியாஸ்பத்திரியும் கிழக்குப் பக்கம், எழுவான்கரையில். நடுவில் கிடந்த தண்ணீரைக் கடப்பதற்கு ஒரு மிதவை இருந்தது. இரண்டு தோணிகளைச் சேர்த்து மேலே பலகை அடித்து, கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். அதற்குப் பெயர் பாதை. மனிதர், மாடு, நெல் மூட்டை, எப்போதாவது ஒரு ஜீப் எல்லாம் அதிலேதான் போய்வரும். பாதைக்காரர் சாப்பிடப் போய்விட்டால் படுவான்கரை முழுவதும் அவர் கை கழுவும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. சுற்றியிருந்த ஆறு ஊர்களுக்கும் அவர்தான் அரசாங்க மருத்துவிச்சி. கலியாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். எங்கள் பகுதியில் வீடும் வயலும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். கலியாணம் முடிக்கிற ஆண் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். அப்படி வந்து சேர்ந்தவர் என் அப்பா. அப்படிப் போய்ச் சேர்ந்தவர் மாமா, அம்மாவுக்கு அண்ணன். அவர் போனது இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம்தான் என்பதால், பின்னேரமானால் தாய் வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத் தவறாமல் வந்துவிடுவார். யாரும் ஒன்றும் செய்யாமல் இருந்தால் அதற்கும் கோபித்துக்கொள்வார்.

சின்னம்மாவிடம் ஒரு சைக்கிளும் ஒரு தோல் பையும் இருந்தன. பைக்குள் எனக்குப் பிடித்தது ஒரு மரக்குழல். ஒரு சாண் நீளம், ஒரு முனை ஊமத்தம் பூவைப் போல விரிந்திருக்கும். விரிந்த பக்கத்தைத் தாயின் வயிற்றில் வைத்து மற்றப் பக்கத்தில் காதைக் கொடுத்தால் உள்ளே இருக்கிற பிள்ளையின் நெஞ்சு அடிப்பது கேட்குமாம். நான் என் வயிற்றில் வைத்துப் பலமுறை கேட்டிருக்கிறேன். மத்தியானம் தின்றது கரைகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை. சின்னம்மா குழலில் காதை வைத்திருக்கும்போது அவர் முகத்தில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. சுற்றி நிற்கிற பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தையே பார்ப்பார்கள். அவர் ஆறுதலாக நிமிர்ந்து, "எல்லாம் வழமைதான்" என்பார். உடனே தேத்தண்ணீர் வைக்க ஒருத்தி அடுப்படிக்கு ஓடுவாள்.

அதற்கு முந்திய மாரியில் மாமியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் புறப்பட்டார்கள். வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. சின்னம்மா சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெள்ளத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது நேரம் பிந்திவிட்டது. மாமிக்குச் சுகமில்லை என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். தொட்டில் செய்வதற்கென்று மாமா அறுத்து வைத்திருந்த முதிரைப் பலகைகள் அந்த மாதமே கோழிக்கூட்டுக்குக் கதவாகிவிட்டதைக் கண்டேன்.

வெள்ளம் வடிந்த பிறகு ஒரு பின்னேரம் சின்னம்மா எல்லோரும் இருக்கும்போது, "நான் கார் வாங்கப்போறன்" என்றார். ஏதோ முருங்கைக்காய் வாங்கப் போவதைப் போலத்தான் சொன்னார். பிறகுதான் தெரிந்தது, ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் சாரதியிடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டப் பழகி, லைசனும் எடுத்து வைத்திருக்கிறார் என்பது. அவருடைய பங்குக்கு வட்டையில், ஊர் வயல்வெளியில், இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. அதை விற்றால் கார். அந்த வயல்தான் அவருடைய சீதனமும். கலியாணம் ஆகும் வரைக்கும் என்று உறுதிப் பத்திரத்தில் அண்ணனான மாமாவின் பெயரும் சேர்ந்திருந்ததால் அவர் கையெழுத்து வைக்காமல் ஒரு வரம்பைக்கூட விற்க முடியாது.

மாமா துள்ளிக் குதித்தார்.

"கார் ஓடுற பொம்புளைய எவன்கா வந்து கேப்பான்?"

"இவ்வளவு நாளும் சைக்கிள்தானே அண்ணன் ஓடினன். அதுக்கு மட்டும் வரிசையில வந்து நிண்டாங்களா?"

அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமா அன்று சாப்பிடாமல் போனார். மறுநாள் இரண்டு நாள் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

அரசாங்கம் வெளிநாட்டுக் கார்களின் வரவை நிறுத்தியிருந்த காலம் அது. புதுக்கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய காரும் யாராவது இறந்தால் அல்லது இடமாற்றம் கிடைத்தால்தான் விலைக்கு வரும். பட்டணத்தில் இருந்த ஒரு நீர்ப்பாசன மேற்பார்வையாளருக்கு, ஓவசியர் என்போம், யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்தது. அவருடைய சாம்பல் நிறக் கார் விலைக்கு வந்தது. அதோடு ஒரு கதையும் வந்தது. அந்தக் காரின் கியர்ப்பெட்டி கத்துகிறதாம். சந்தைக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

மாமாவுக்குப் பிடி கிடைத்துவிட்டது. அவரிடம் ஒரு டிராக்டர் இருந்தது. அதனால் சில்லு வைத்த எந்தப் பொருளைப் பற்றியும் ஊரில் அவர் சொல்வதுதான் முடிவு. "கியர்ப்பெட்டி பழுதெண்டா அதுக்குச் சாமான் எங்க எடுக்கிற? நடு வட்டையில வாய்வலி எடுத்த மாடு மாதிரிப் படுத்திரும். நான் வந்து கேக்கிறன். சத்தம் வழமையெண்டா கையெழுத்து வைப்பன். பழுதெண்டா இந்தக் கதை இதோட சரி" என்றார். சின்னம்மா, "சரி அண்ணன்" என்றார். அந்தப் பக்கம் வேறு கார் விலைக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய சனிக்கிழமை காலையில் கார் பாதையில் ஏறி வாவியைக் கடந்து வந்தது. அதற்கு முன்னும் எங்கள் கரைக்கு ஜீப் வந்திருக்கிறது. ஆனால் இப்படி மினுக்கிய கண்ணாடியோடு, வெள்ளைத் துவாய் விரித்த இருக்கையோடு ஒன்று வந்ததில்லை. பெட்டைகள், பெடியன்கள், வலை காயப்போட வந்தவர்கள் எல்லோரும் துறையில் கூடிவிட்டார்கள். மாமா வெள்ளை வேட்டி கட்டி, சட்டை போட்டு வந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு பேனை இருந்தது. மாமா எழுதுகிற ஆள் இல்லை. நெல்லுக் கணக்கைக்கூடச் சுவரில் கரிக்கட்டியால்தான் கீறுவார். அந்தப் பேனையைப் பார்த்து எனக்கு வியப்பாக இருந்தது, கேட்கத்தான் துணிவு வரவில்லை.

ஓவசியர் ஐயா ஓட்டினார். சின்னம்மா முன்னால். மாமாவும் அப்பாவும் நானும் பின்னால். என்னை யாரும் கூப்பிடவில்லை. இறங்கச் சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டேன்.

கார் நகர்ந்ததும் கியர்ப்பெட்டி கத்தத் தொடங்கியது. சந்தைக்காரர்கள் சொன்னதில் ஒரு சொல்லும் கூடுதல் இல்லை. ங்ங்ங் என்று ஆரம்பித்து, கார் வேகம் எடுக்க எடுக்கச் சத்தமும் மேலே ஏறியது. ஓவசியர் ஐயா இரண்டாவது கியருக்கு மாற்றினார். சத்தம் அறுந்துபோனது. மூன்றாவதில், நான்காவதில் கார் பூனை நடப்பதைப் போல ஓடியது. வரம்புத் தெருவில் நிறுத்திப் பின்பக்கம் எடுத்தபோது திரும்பவும் அதே கத்தல்.

"கத்துது" என்றார் மாமா, திருப்தியாக.

அப்பா பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "கத்தல்ல மச்சான், பாடுது. அஞ்சு கட்டைச் சுருதி. ஒரு மயிரிழை பிசகல்ல. பழுதான சாமான் இப்பிடிச் சுருதியில நிக்காது."

"நான் கார் பாக்க வந்தனான். கச்சேரிக்கு வரல்ல."

ஓவசியர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர். காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்து விளக்கம் சொன்னார். "முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் பல்லை நேரா வெட்டியிருக்கு, பாருங்கோ. மற்றதுகள் சரிவா வெட்டினது. நேர்ப் பல்லு எண்டால் உப்பிடித்தான் சத்தம் போடும். புதுசா இறக்கின அண்டைக்கும் இதே சத்தம்தான்." மாமா தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். டிராக்டரும் அப்படித்தான் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மெதுவாகத் தலையை ஆட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு சின்னம்மா ஓட்டினார். வயலில் நின்றவர்கள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், பிரேதம் போகிறது என்று நினைத்தாரோ தெரியவில்லை. மாமா ஒரு கையால் கதவையும் ஒரு கையால் அப்பாவின் தோளையும் பிடித்திருந்தார். சின்னம்மா ஒரு இடத்திலும் தடுக்காமல், கரகரக்காமல் கியரை மாற்றி, கொக்குகளைக் கலைத்துக்கொண்டு போய், துறையடி மருத மரத்தின் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா அங்கே நின்றிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புழுதி என்றார்.

அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். சின்னம்மா முடிக்கவில்லை. ஓவசியர் ஐயாவைத் திரும்பவும் ஓட்டுகிற இருக்கையில் உட்காரச் சொன்னார். தோல் பையைத் திறந்து மரக்குழலை எடுத்தார். கியர்த் தடியின் அடியில் கிடந்த ரப்பர் விரிப்பை மடக்கிவிட்டு, முழங்காலில் நின்று, குழலின் விரிந்த வாயை அந்த இரும்பு மூடியில் வைத்துக் காதைக் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தோணிக்காரர் ஒருவர் மட்டும், "ஏன் சிரிக்கிறயள்? மீன் பாடுறதக் கேக்க நாம சவளக் காதில வைக்கிறல்லயா?" என்றார். சவள் என்பது தோணி வலிக்கிற துடுப்பு; நிலாக் காலத்தில் அதைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் எங்கள் வாவி மீன்கள் பாடுவது கேட்கும் என்பார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது.

"எஞ்சின் ஓடட்டும் ஐயா. கியரில போட வேணாம்" என்றார் சின்னம்மா. "இப்ப கிளச்சை மிதியுங்க. விடுங்க. மிதியுங்க. விடுங்க."

நான் மற்றக் கதவடியில் குந்தியிருந்தேன். என் காது அந்த மூடிக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அப்போதுதான் எனக்கும் கேட்டது. முதல் கியரின் பாட்டு இல்லை. கார் நிற்கும்போதே, அடியில் எங்கேயோ ஒரு மெல்லிய உறுமல், பக்கத்து வீட்டில் திரிகையில் உழுந்து உடைப்பதைப் போல. ஓவசியர் ஐயா கிளச்சை மிதித்தால் அது நின்றது. காலை எடுத்தால் வந்தது. திரும்ப மிதித்தால் நின்றது. இவ்வளவு பெரியவர்கள் கூடி நின்று கத்தலைப் பற்றி வாதாடிய இடத்தில் இதை ஒருவரும் கேட்கவில்லை, நான் கேட்டுவிட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சின்னம்மா நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. மாமா, "எப்பிடி?" என்றார். சின்னம்மா குழலைத் துடைத்தார். துணியை மடித்தார். இந்தத் தாமதத்தில் கார் போய்விடப் போகிறது என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"மாமா! இன்னொரு சத்தமும் இரிக்கு!" என்று கத்தினேன். "ஆனா கிளச்சை மிதிச்சா நிண்டுருது மாமா! காலை எடுத்தாத்தான் வருது! மிதிச்சா ஒண்டுமே இல்ல!"

என் நியாயம் எனக்குத் தெளிவாக இருந்தது. எங்கள் வீட்டில் தம்பி அழுதால் அடித்தாலும் நிற்காது, அணைத்தாலும் நிற்காது. நில் என்றால் நிற்கிற சத்தம் எப்படிக் கெட்ட சத்தமாக இருக்க முடியும்? அப்பா கையைத் தட்டி, "பாத்தியளா, என்ட புள்ளைட காது!" என்றார். ஓவசியர் ஐயா கைலேஞ்சியை எடுத்து, மினுங்கிக்கொண்டிருந்த ஸ்டியரிங்கைத் துடைக்கத் தொடங்கினார்.

மாமா என் பக்கம் குனிந்தார். "எங்க புள்ள, இன்னொருக்காச் செல்லு."

சொன்னேன். முன்பைவிட உரத்துச் சொன்னேன்.

மாமா நிமிர்ந்து சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மாவும் அவரைப் பார்த்தார்.

"தங்கச்சி, குழல்ல என்ன கேட்ட?"

"வழமைதான் அண்ணன்."

"வழமையா?"

"வழமை."

மாமா வாவிப் பக்கம் திரும்பினார். "மாரிக்குத் தாங்குமா?" என்று கேட்டார். குரல் தணிந்திருந்தது.

"தாங்கும். நான் பாத்துக்குவன்."

மாமா சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்தார். வயல் விற்கிற கடுதாசியைக் காரின் முன்மூடியில் விரித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நெல் விதைப்பதைப் போல ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்து வைத்தார். ஓவசியர் ஐயா யாரும் கேட்காமலே ஒரு மேலதிக டயரையும் ஜாக்கையும் சேர்த்துத் தந்துவிட்டு, அடுத்த பாதையிலேயே ஏறிப் போய்விட்டார். எனக்கு முன்னிருக்கையில் ஒரு ஓட்டமும் ஒரு போத்தல் சோடாவும் கிடைத்தன. சோடாவை வாங்கிக் கொடுத்தது மாமா. மாமியிடம் கொடுக்கச் சொல்லி எங்கள் வீட்டு மாமரத்தில் இருந்து ஒரு ஓலைப் பை நிறைய மாங்காயும் என் கையில் தந்தார்கள். மாமி அந்த நாட்களில் மாங்காயாகத் தின்றுகொண்டிருந்தார்.

அந்தக் கார் பன்னிரண்டு வருடம் ஓடியது. மாரியில் ஓடியது, சேற்றில் ஓடியது, பாதையில் ஏறி இறங்கியது. வடக்கே தூரத்து வாகரை வரைக்கும்கூட ஒருமுறை போய் வந்தது. படுவான்கரையில் அந்தப் பன்னிரண்டு வருடத்தில் பிறந்தவர்களில் பாதிப்பேர் அதில் போனவர்கள்தான். முதலில் ஏறிய தாய் மாமி. அந்தக் கார்த்திகை மாதத்து மழையில் சின்னம்மா அவரை ஏற்றிக்கொண்டு போனார். ஐந்து நாள் கழித்து மாமி கைக்குழந்தையோடு, எனக்கு ஒரு மச்சானோடு, திரும்பி வந்தார். மாமா கோழிக்கூட்டின் கதவைக் கழற்றி அன்றைக்கே இழைப்புளி போட ஆரம்பித்துவிட்டார். கோழிகள் இரண்டு நாள் தெருவில் திரிந்தன. சின்னம்மாவைக் கேட்டு மாப்பிள்ளை யாரும் வரவில்லை. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்ததாகவும் எனக்கு நினைவில்லை.

இரண்டு விஷயங்கள் எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தன. ஒன்று, மாமா. வயலில் ஒவ்வொரு வேளாண்மை வெட்டு முடிந்ததும் ஒரு பேணி தடித்த எண்ணெயோடு வருவார். டிராக்டருக்கு வாங்கியதில் மிஞ்சியது என்பார். சாக்கை விரித்துக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து கியர்ப்பெட்டிக்குள் அதை ஊற்றிவிட்டு, முகமெல்லாம் கரியோடு எழும்புவார். அண்ணனுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். மற்றது, சின்னம்மாவின் இடது கால். வலி வந்த பெண் பின்னால் இருக்க, பாதை அக்கரையில் நின்றால், அது வந்து சேரும் வரைக்கும் அவர் கிளச்சில் இருந்து காலை எடுக்கவே மாட்டார். அரை மணித்தியாலமானாலும் அப்படியே இருப்பார். இறங்கும்போது கால் விறைத்து நொண்டுவார்.

இதெல்லாம் முடிந்து வெகுகாலம் ஆனது. சின்னம்மாவும் போய்விட்டார். நானும் வேறு ஊரில், பேரப்பிள்ளை எடுக்கிற வயதை நெருங்கி, என் கணவரோடு ஒரு பழைய வான் பார்க்கப் போயிருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு உறுமல். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கூட வந்த மெக்கானிக் பெடியனிடம், கிளச்சை மிதித்துப் பாருங்கள், நின்றுவிடும் என்றேன். மிதித்தார். நின்றது. "பாத்தீங்களா, பழுதில்ல" என்றேன் பெருமையோடு.

பெடியன் சிரித்தார். "அக்கா, மிதிச்சா நிக்குதெண்டாத்தான் பழுது. உள்ளுக்க பெயாரிங் தேஞ்சு போச்சு. நல்ல பெட்டி எண்டா மிதிச்சாலும் விட்டாலும் ஒண்டுதான். தடிச்ச எண்ணெய் ஊத்தினாச் சத்தம் குறைஞ்சு கொஞ்சக் காலம் இழுக்கும்."

நான் அந்த வானுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கணவர் இரண்டு தரம் கூப்பிட்டாராம். அம்புலன்ஸ் சாரதியிடம் பழகியவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரியாமலா மிதியுங்கள், விடுங்கள் என்று சொல்லியிருப்பார்? டிராக்டர் வைத்திருந்தவருக்கு? காரைக் காப்பாற்றப் புறப்பட்ட நான், அதன் நோயை ஊர் கேட்க இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

அன்றிரவே மாமாவுக்கு டெலிபோன் எடுத்தேன். எழுபது கடந்துவிட்டாலும் அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். உங்களுக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டேன்.

"நீ போட்ட சத்தத்துக்கு எழுவான்கரையில நிண்டவனுக்கும் தெரிஞ்சிரிக்கும்" என்றார்.

"பிறகு ஏன் மாமா கையெழுத்து வச்சீங்க?"

மறுமுனையில், பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. மாமியாகத்தான் இருக்க வேண்டும்.

"உண்ட மாமிக்கு அப்ப ரெண்டு மாதம், புள்ள" என்றார் மாமா.

அந்த ஓலைப் பை மாங்காயையும் இரண்டு கட்டை தூரம் சுமந்துகொண்டு போனது நான்தான். கட்டைக்கு ஒன்று என்று வழியில் இரண்டைத் தின்றுவிட்டு, கார் வாங்கிக் கொடுத்தவளுக்கு இதுகூட இல்லையா என்று நினைத்துக்கொண்டே போனேன்.